பக்கத்தின் அடியில் இரண்டு வரி

வாங்க கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தூறல் உள்ளே அடித்தால் கதவைச் சாத்திவிடுங்கள். இன்றைக்கு ஒரு காதல் கதை சொல்கிறேன். முதலில் சிரிப்பு வரும்... பிறகு தொண்டையை அடைக்கும். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கதை. கம்ப்யூட்டர் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எனக்கே விளங்கிய விஷயம் உங்களுக்கு விளங்காமல் போகுமா?

அவள் பெயர் ஏஞ்சலின். பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரணிதான் ஊர். அப்பா காலமாகிவிட்டார். அம்மா ஆரோக்கியமேரி நெல் மில்லில் களம் பெருக்கினாள். மகளுக்கு ஆலையில் வேலை கிடைத்த பிறகுதான் அந்த வீட்டில் அடுத்த மாதத்தைப் பற்றிய பயம் கொஞ்சம் குறைந்தது. ஷேர் ஆட்டோவில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஐப்பசி அது.

மழை என்றால் அந்தப் பக்கத்து மழையே தனி. சிப்காட் புகைபோக்கிகளின் துருத்தூளை எல்லாம் கரைத்துக்கொண்டு இறங்கும். அப்படி ஒரு மழையில், துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்தபடி, ஸ்டேஷன் கூரைக்குள் ஓடி வந்தாள் ஏஞ்சலின். வந்த வேகத்தில் டீக்கடை ஓரமாக நின்ற ஒருவன் மேல் மோதினாள். அவன் கையிலிருந்த டீ முழுக்க அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மேல் கொட்டிவிட்டது.

"ஐயோ... பாத்து நிக்கக்கூடாதா?"

"நான் நின்னுக்கினுதான் இருந்தேன் மேடம். ஓடியாந்தது நீங்க."

"கையில டீய வச்சுக்கினு வழியில நின்னா?"

"பின்ன... டீய பாக்கெட்லயா வச்சுக்க முடியும்?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கைக்குட்டையால் அட்டையைத் துடைத்தான். துடைத்த கை பாதியில் நின்றது.

"ஏஞ்சலின்... அந்த ஏஞ்சலின் நீங்கதானா?"

"எந்த ஏஞ்சலின்?"

"தெனமும் காலைல வந்து என் பகுப்ப அழிச்சுட்டுப் போறவங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெடுநெடு உயரம், மழையில் நெற்றியோடு ஒட்டிய முடி. கண்கள்... சண்டைக்கு நிற்பது போன்ற வாய்க்குக் கொஞ்சமும் பொருந்தாத, ஈரமான, சாதுவான கண்கள்.

"அப்ப நீங்க... சாலமோனா? கேன்டீன் பக்கத்த 'அபாயம்' பகுப்புல போட்டது நீங்களா?"

"அந்த உப்புமாவ ஒரு வாட்டி துன்னு பாத்துட்டு அழிங்க மேடம்."

இந்தத் தடவை அவளால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் சூளூர்ப்பேட்டை வண்டி வந்துவிட்டது. அவன் ஓடிப்போய் ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். வண்டி மறைகிற வரைக்கும் பார்த்தான். ஏஞ்சலினோ எதிர்த்திசையில் போகிற தன் வண்டிக்காகக் காத்து நின்றாள். அந்த வண்டி வந்ததையே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தப் பகுப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆலையில் தமிழர்களும் ஆந்திராக்காரர்களும் கலந்து வேலை செய்தார்கள். எந்த இயந்திரத்தை எப்படி இயக்குவது, எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது என்பதை எல்லாம் நிர்வாகம் கம்ப்யூட்டரில் ஒரு விக்கியாகப் போட்டிருந்தது. விக்கி என்றால், அனுமதி உள்ளவர் யாரும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஏஞ்சலின். தெலுங்குப் பக்கங்களுக்கு, உருட்டாலை ஸ்டோரில் வேலை பார்த்த சாலமோன். இவள் ஆபீஸ் கட்டடத்தில், அவன் ஆலையின் மறுகோடியில். ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்களே தவிர முகம் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையால் எழுத வேண்டிய வரிகள் இரண்டு. ஒன்று பகுப்பு... இந்தப் பக்கம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது. இன்னொன்று மொழியிணைப்பு... இதே விஷயம் மற்ற மொழியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. அதை எழுதிவிட்டால் பக்கத்தின் ஓரத்தில் 'தெலுங்கு' என்று வந்து நிற்கும். அழுத்தினால் அங்கே கொண்டுபோய் விடும். ஏஞ்சலின் புதிதாக ஒரு பக்கம் எழுதினால் அதைத் 'தெலுங்கு தேவை' என்ற பகுப்பில் போட வேண்டும். சாலமோன் காலையில் வந்ததும் முதலில் திறப்பது அந்தப் பகுப்பைத்தான். அங்கே இருப்பதைத் தெலுங்கில் எழுதி, இரண்டு பக்கங்களுக்கும் இணைப்புப் போடுவான். அவர்கள் வேலை இவ்வளவுதான்.

அந்த மழைநாளுக்குப் பிறகு அந்த வேலைக்கே ஒரு தனி ருசி வந்துவிட்டது. என்ன திருத்தினோம் என்று எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் அவன், 'இணைப்பு சேர்த்தேன். மானம் கறுக்குது, குடை இருக்கா?' என்று எழுதினான். அவள், 'எழுத்துப் பிழை திருத்தினேன். குடை இருக்கு, டீ கொட்டாம இருந்தா போதும்' என்றாள். இதையெல்லாம் அவர்களுடைய அதிகாரி சஹாபுதீன் ஒருநாள் படித்துவிட்டார்.

"ஏம்மா, இது ஆலை விக்கியா, இல்ல உங்க ரெண்டு பேரு ஊடா? நாஷ்டா துன்னாச்சான்னு கேட்டு ஒரு திருத்தம், துன்னாச்சுன்னு இன்னொரு திருத்தம்!"

ஏஞ்சலின் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளாத குறை.

அதற்கப்புறம் பேச்செல்லாம் ஸ்டேஷனில்தான். அவன் ஆரம்பாக்கத்துக்காரன், வடக்கே போக வேண்டும். சூளூர்ப்பேட்டை வண்டியை விட்டால் அவனுக்கு அடுத்தது எப்போதோ. அவன் வண்டி வருவதற்கு முன்னால் அவள் ஸ்டேஷனை எட்டிவிட்டால் கொஞ்ச நேரம் பேசலாம். இல்லையென்றால் அந்த நாளே வீண். அதனால் வேலை முடிகிற நேரம் நெருங்க நெருங்க ஏஞ்சலினின் கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

சில நாள் அவனுடைய அப்பாவும் கூட வருவார். எபினேசர். ஆலையில் உலைக் கதவு திறக்கிறவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது, தெலுங்குதான் படிப்பார்.

"உங்க தெலுங்கு எழுத்து எல்லாம் ஜாங்கிரி மாதிரி கீது," என்று ஏஞ்சலின் சீண்டினாள்.

"உங்க தமிழு மட்டும் இன்னாவாம்? முறுக்க ஒடச்சுப் போட்டாப்ல," என்றார் அவர். பிறகு மகனைப் பார்த்து, "இவன் ஊட்ல வாயே தொறக்க மாட்டான்மா. இங்க பாரு, வண்டி வந்தாக்கூட ஏற மாட்டேன்றான்!"

"நைனா... சும்மா இரு," என்று சாலமோன் தலைகுனிந்தான். அந்த வெட்கத்தைப் பார்த்தபோதுதான் ஏஞ்சலின் மனதுக்குள் முடிவு செய்தாள். இவன்தான்... வேறு யாரும் இல்லை.

கார்த்திகை பிறந்தது. ஆலைக்குப் புது உலை வந்தது. பழைய உலையைத் திறக்கும்போது கதவுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும்; அனல் வலது பக்கமாக அடிக்கும். புது உலையில் அப்படியே தலைகீழ். அதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார் சஹாபுதீன்.

புதுப் பக்கத்தை யாரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை கண்ணுகளா. பழைய பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டி, மாற வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். ஏஞ்சலினும் அதைத்தான் செய்தாள். ஒவ்வொரு வரியாக மாற்றினாள். இடம் என்று இருந்ததை வலம் என்று ஆக்கினாள். படம் சேர்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள்... ஐயோ, நேரமாகிவிட்டதே! அவசரமாகச் சேமித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பக்கத்தின் அடியில் இருந்த இரண்டு வரியும் பழைய உலையுடையவை. அவை அப்படியே இருந்துவிட்டன.

ஓடியது வீண் போகவில்லை. ஸ்டேஷனில் அவன் காத்திருந்தான். "வர ஞாயித்துக்கெழம நைனா ஆரணிக்கு வராரு. உங்கம்மாவாண்ட பேச," என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் கண் நிறைந்து போய் நின்றாள். அந்தப் பூரிப்பில் உலையாவது பக்கமாவது... அவள் அதை மறந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்னால் புது உலையைத் திறந்தார்கள். ஷிப்ட் மேஸ்திரி சுப்பிரமணி தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் 'தெலுங்கு' என்று இருந்ததை அழுத்தி, வந்ததை அச்செடுத்து, ஆந்திராக்காரர்களுக்காக உலைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவருக்குத் தெலுங்கு படிக்க வராது. அது பழைய உலையின் பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எபினேசர் நின்று, ஒன்றுக்கு இரண்டு தரம் படித்தார். பழைய உலை என்று அதில் எங்கும் இல்லை; வெறும் உலைக் கதவு என்றுதான் இருந்தது. படித்தபடியே இடப்பக்கம் நின்று கதவைத் திறந்தார்.

உயிர் பிழைத்தது. கண் இரண்டும் போய்விட்டது.

மறுநாள் ஏஞ்சலின் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எப்படி ஆயிற்று என்று பார்க்கத்தான் திறந்தாள். அடியில் இருந்த இரண்டு வரிகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னொருவர் இதை நம்பி அங்கே நிற்கக்கூடாதே... அந்தப் பதைப்பு மட்டும்தான் இருந்தது அவளிடம். தவறான இணைப்பை அழித்தாள். பகுப்பைத் 'தெலுங்கு தேவை' என்று மாற்றினாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். ஆனால் அதனாலேயே இன்னொரு கேடு வந்து சேர்ந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் பகுப்பைத் திறந்தார்கள். புது உலையின் பக்கம் 'தெலுங்கு தேவை' என்பதற்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது... முதலிலிருந்தே அங்கே இருந்தது போல. புதுசுக்குத் தெலுங்கு இல்லாததால்தான் மேஸ்திரி கை பழையதை எடுத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். எழுத வேண்டியவன் யார்? சாலமோன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த அவன், திரையை வெகுநேரம் பார்த்தான்.

"இருந்திருக்கு சார்... நான்தான் பாக்கல."

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். அதை யாரும் திறக்கவில்லை. தானே ஒப்புக்கொள்ள ஒருவன் கிடைத்த பிறகு யார் தேடுவார்கள்? அவன் அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டான்.

ஏஞ்சலினுக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தான்.

"இனிமே எனக்கோசரம் ஸ்டேஷன்ல நிக்காத ஏஞ்சலின்."

"சாலமோன்... நான் ஒண்ணு..."

"என் நைனா கண்ண நானே அவிச்சுட்டேன். இந்தக் கையால உனக்குத் தாலி கட்டுவேனா? வாணாம்."

வைத்துவிட்டான். அவள் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லியிருப்பாளா? அது அவளுக்கே தெரியாது.

அம்மாவிடம் சொன்னாள். ஆரோக்கியமேரி முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"வாய மூடுடி. நீ சொன்னா அந்தாளு கண்ணு திரும்பி வந்துருமா?"

"வராதும்மா."

"பின்ன? வேலையும் போவும், ஜெயில்லகூட போடுவான். நான் இன்னும் எத்தினி வருசம் களத்துல குனிவேன்?"

"அவரு செய்யாததுக்கு அவரு சாவறாரும்மா..."

"அவன் வாணாம்னு சொல்ட்டான் இல்ல? உட்ரு."

ஏஞ்சலின் விட்டுவிடத்தான் பார்த்தாள். தை வந்தது, மாசி வந்தது. காலையில் ஆலைக்குப் போவாள், பக்கங்களைத் திறப்பாள், ஒவ்வொன்றிலும் முதலில் அடியைத்தான் பார்ப்பாள். சாலமோனுடைய இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. 'தெலுங்கு தேவை' பகுப்பில் பக்கங்கள் சேர்ந்துகொண்டே போயின. மாலையில் ஸ்டேஷனில் சூளூர்ப்பேட்டை வண்டி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் மேஸ்திரி சுப்பிரமணி ஆபீசுக்கு வந்தவர், சஹாபுதீனிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எபினேசர பாத்துட்டு வந்தேன் சார். அவரு கூட தேறிட்டாரு. புள்ளதான்... அப்பன் எதிர்ல உக்காரவே மாட்டேன்றானாம். சோறு போட்டா, தட்ட எடுத்துக்கினு தெருவுக்குப் போய்ட்றானாம். ஒரே பேஜாரு சார்."

ஏஞ்சலின் எழுந்தாள். சஹாபுதீன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், புது உலைப் பக்கத்தோட வரலாறத் தொறந்து பாருங்க."

அவர் திறந்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இத்த ஏம்மா இப்ப சொல்ற? எல்லாம் அடங்கிப் போச்சே..."

"அவரு தப்பு இல்லன்னு எழுதுங்க சார்."

"அப்ப உன் தப்புன்னு இல்ல எழுதணும்?"

"எழுதுங்க."

அவர் அவளையே பார்த்தார். "என் தப்பும் கீதும்மா. ரெண்டு பேரு கையில இத்தினி பேரு உசுர குடுத்துட்டு, சரிபாக்க ஒரு ஆளு போடல நான்," என்றார். எழுதினார். ஏஞ்சலினின் வேலை அத்தோடு போயிற்று. வாசலில் நின்ற மேஸ்திரி சுப்பிரமணி சுவரில் சாய்ந்து, அச்செடுத்து ஒட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தெற்கே போகும் வண்டியில் ஏறவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக வடக்கே போகும் வண்டியில் ஏறினாள்.

ஆரம்பாக்கத்தில் பருவம் தப்பிய மழை. ஓட்டு வீட்டுக்குள் கட்டிலில் கறுப்புக் கண்ணாடியோடு எபினேசர் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைச் சாய்த்தார்.

"யாரு?"

"முறுக்கு எழுத்துக்காரி..." என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

வாசற்படியில் சாலமோன் வந்து நின்றான். இளைத்திருந்தான். இறால் ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் காய்த்திருந்தது. அந்தக் கண்கள்... அவளைக் கண்டதும் ஒரு நொடி மலர்ந்து, உடனே குனிந்துகொண்டன.

"இன்னாத்துக்கு வந்த?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நகலெடுத்ததை, அடியில் இரண்டு வரி மாறாமல் நின்றதை, மறுநாள் தான் மாற்றியதை. அழாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். முடியவில்லை.

"மறுநாள் மாத்தினியா?" சாலமோனின் குரல் எழும்பவே இல்லை. "அப்ப... உலையத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தப்ப... அது அங்க இல்லியா?"

"இல்ல. நீ ஒண்ணும் தவறவிடல."

"தெரிஞ்சுக்கினே இத்தினி நாளு கம்முனு இருந்தியா?" இப்போது குரல் எழும்பியது. "நைனா மொகத்தப் பாத்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிருப்பேனா நான்? சர்ச் வாசப்படி மிதிச்சிருப்பேனா? ஏஞ்சலின்... நீயா?"

அவள் தலை தாழ்ந்தது.

எபினேசர்தான் கேட்டார். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. "நீ நெதானமான பொண்ணாச்சேம்மா. அன்னிக்கு அப்டி இன்னா அவசரம்?"

"ரயிலு..."

"உன் ரயிலா? அதான் அடுத்தடுத்து வந்துக்கினே இருக்குமே."

"என் ரயிலு இல்ல நைனா." தலை இன்னும் தாழ்ந்தது. "அவரு ரயிலு. அது போய்ட்டா... மறுநாள் வரைக்கும் பாக்க முடியாது. எனக்கு அந்தக் கொஞ்ச நேரந்தான்... அதுக்குத்தான் நாளெல்லாம் காத்துக்கினு இருப்பேன். பாழும் ஆசை... உங்க கண்ணுல போய் முடிஞ்சுது."

எபினேசர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பார்வ போச்சு. தண்ணி மட்டும் நிக்கல பாரு," என்றார். பிறகு மெல்லச் சொன்னார். "எனக்குக் கோவம் வரலன்னா அது பொய்யிம்மா. வருது. ஆனா இன்னிலேருந்து எம்புள்ள என் எதிர்ல உக்காந்து துன்னுவான். அதுக்கோசரம் நீ உன் சோத்தப் போக்கிக்கினு வந்துகீற. அதுவும் எனக்குப் புரியுது."

அவள் எழுந்தாள். அவர் கால் இருந்த பக்கம் கும்பிட்டுவிட்டு மழையில் இறங்கினாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சலின்... நில்லு."

நின்றாள். அவன் நனைந்துகொண்டே வந்து, எட்ட நின்றான்.

"உன் மேல கோவம் கீது. எப்ப போவும்னு தெரில. போவாமயே இருந்தாலும் இருக்கும்."

"தெரியும்."

"நீ போய்ட்டா... நான் யாராண்ட கோவப்படறது?"

அவள் நிமிர்ந்தாள். மழை எது, கண்ணீர் எது என்று தெரியாத முகம் அவனுக்கும்.

"அந்த ரயிலுக்கு நீ மட்டுமா ஓடியாந்த? நானும் ஸ்டோரப் பூட்டாமயே ஓடியாந்துக்கினு இருந்தேன். எனக்கு நடக்கல, உனக்கு நடந்துட்டுது... அவ்ளோதான்." அவன் ஓர் அடி நெருங்கினான். "உன்னப் புடிச்சுது ஏஞ்சலின். இப்பவும் புடிக்குது. புடிக்காம இருந்திருந்தா இவ்ளோ வலிக்காது. போவாத... உள்ள வா. நைனா ஒண்டியா உக்காந்துக்கினு இருக்காரு."

அவள் போனாள். அன்று மதியம் அந்த வீட்டில் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எபினேசரின் கண் திரும்பி வரவில்லை. வந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சாலமோனின் கோபம் தீர நாளாயிற்று. அந்த நாட்களில் எல்லாம் அவள் அவன் பக்கத்திலேயே இருந்தாள்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. வேலைக்குப் போன உங்கள் வீட்டு மனிதர்கள் போனபடியே முழுசாகத் திரும்பி வரட்டும். கை தவறிச் செய்த பிழையை வாய்விட்டுச் சொல்லுகிற தைரியம் உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். கேட்டுக் கோபித்துக்கொண்டாலும், சாப்பிட உள்ளே கூப்பிடுகிற மனசு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சோறு உண்ணுகிற பாக்கியம் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.